கடல் தாண்டிய பிள்ளைத்தாச்சி

கலியாணம் முடிந்து எட்டு வருடங்கள். இரண்டு தடவை தங்கிய கரு மூன்றாம் மாதம் முடியுமுன்னரே கலைந்து போயிற்று. மூன்றாவது தடவை தங்கி, வாரங்கள் 20ஐத் தாண்டியபோது, லண்டனில் வாழும் அந்தத் தம்பதியின் வீட்டில் எல்லோரும் மெல்ல நடக்கவும் மெல்லப் பேசவும் பழகியிருந்தார்கள். படியில் கால் வழுக்குமோ, குளிரில் காய்ச்சல் வருமோ என்று ஒவ்வொரு நாளும் ஒரு பயம்.

அந்த வேளையில்தான் கணவனுக்குக் கந்தோரிலிருந்து உத்தரவு வந்தது. 2023ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், வியன்னாவில் மூன்று நாள் தொழில்நுட்பக் கூட்டம். செவ்வாய் தொடங்கி வியாழன் வரை. போகாமல் விடலாமா என்று அவன் யோசித்தான். மனைவியோ பள்ளிக்கூட ஆசிரியை. அதே வாரம் அவளுக்கு விடுமுறை. "இஞ்சருங்கோ, நானும் வாறன். உங்கட கூட்டம் முடிய மூன்று நாள் எங்களுக்கெண்டு நிண்டிட்டு வருவம். பிள்ளை பிறந்தால் பிறகு எங்க தனியப் போறது?" என்றாள்.

இந்நாட்டவர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். கலியாணத்தின் பின் தேனிலவு போவதுபோல, பிள்ளை பிறக்குமுன் தம்பதிகள் தனித்துப் போகும் பயணத்தைப் 'பேபிமூன்' என்கிறார்கள். பெயர் புதிதாயினும் ஆசை புதிதல்ல. ஆனால் மாமியாருக்கு அந்த ஆசை விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர் அவர். "பிள்ளைத்தாச்சிப் பெண் கடல் தாண்டுறதோ? பிள்ளைத்தாச்சியின்ர புருஷனே தூரப் பயணம் போகக் கூடாதெண்டு பெரியாக்கள் சொல்லுவினம். நீங்கள் என்னெண்டால் இரண்டு பேருமாய் வெளிக்கிடுறியள்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கணவன் தாயோடு வாதாடவில்லை. இருவரும் மகப்பேற்று வைத்தியரிடம் போனார்கள். அவர் சொன்னது எளிமையானது. சிக்கல் இல்லாத கர்ப்பமாயின் விமானப் பயணத்தால் கரு கலைவதில்லை. முன்னைய இரண்டு இழப்புகளுக்கும் பயணத்துக்கும் சம்பந்தமில்லை. வாந்தியும் களைப்பும் தணிந்து, வயிறும் அதிகம் பாரமாகாத 14 முதல் 28 வாரம் வரையான காலமே பயணத்துக்கு வசதியானது. 28 வாரத்தின் பின் பல விமான நிறுவனங்கள் வைத்தியரின் கடிதம் கேட்கும். ஒற்றைப் பிள்ளையாயின் ஏறக்குறைய 36 வாரத்துக்கும், இரட்டையாயின் 32 வாரத்துக்கும் மேல் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணமாயின் காலின் ஆழ்நாளங்களில் குருதி உறையும் அபாயம் கூடும். ஆகையால் இடைக்கிடை எழுந்து நடக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். இருக்கைப் பட்டியை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்போடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

போகும் இடமும் முக்கியம் என்றார் வைத்தியர். மலேரியா உள்ள நாடுகளுக்குக் கர்ப்பிணிகள் போகாமல் இருப்பதே நல்லது. சிக்கா வைரஸ் பிரேசிலில் பரவி, தலை சிறுத்த குழந்தைகள் பிறந்தபடியால் 2016 பெப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவித்ததை அவர் நினைவூட்டினார். வியன்னாவில் இவ்விரண்டு பயமும் இல்லை. ஆனால் நகரைச் சுற்றியுள்ள காடுகளில் உண்ணி கடித்து மூளைக்காய்ச்சல் வருவதுண்டு. காட்டுக்குள் நடக்கப் போகவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

கடைசியாக ஒரு கடிதமும் எழுதித் தந்தார். எத்தனையாவது வாரம், நச்சுக்கொடி எங்கே இருக்கிறது, என்னென்ன மருந்து, குருதி வகை என்ன என்றெல்லாம் அதில் இருந்தது. மனைவியின் குருதி 'ஓ நெகட்டிவ்'. பிள்ளையின் குருதி பொசிட்டிவ் என்று தாயின் குருதியைச் சோதித்தே அறிந்திருந்தார்கள். அந்த ஒரு வரி எவ்வளவு பெறுமதியானது என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. பிரித்தானியாவில் வசிப்போர் ஐரோப்பிய நாடுகளின் அரசாங்க வைத்தியசாலைகளில் காட்டக்கூடிய இலவச சுகாதார அட்டையையும், கர்ப்பத்தையும் உள்ளடக்கிய பயணக் காப்புறுதியையும் அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை விமானம் ஏறி, இரண்டேகால் மணித்தியாலம் போல் பறந்து இறங்கினார்கள். ஆல்ப்ஸ் மலையிலிருந்து 1873ஆம் ஆண்டு முதல் குழாய்வழி வரும் ஊற்றுநீர்தான் வியன்னாவின் குடிநீர். குழாயைத் திறந்து குடித்துவிட்டு, "எங்கட ஊர்க் கிணத்துத் தண்ணிபோல கிடக்கு" என்று சிரித்தாள் மனைவி. அன்று பின்னேரம் இருவரும் டிராமில் ஏறி நகரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். பேபிமூன் என்று சொல்லத்தக்கதாக அந்த வாரத்தில் முதலில் கிடைத்தது அந்த ஒரு பின்னேரந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பியவன் நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னான். வந்தபோது இரவு ஒன்பதரை. கூட்டம் முடிந்ததும் விருந்தாம். மறுத்தால் மரியாதை இல்லையாம். யன்னலோரம் இருந்து தெருவைப் பார்த்தே அவளுடைய பகல் கழிந்தது. லண்டனில் தனியே இருந்திருந்தால் மாமியாவது பக்கத்தில் இருந்திருப்பார்.

புதன்கிழமை அவள் யன்னலோரம் இருக்கவில்லை. வரைபடத்தைப் பார்த்துப் பழைய பொது வைத்தியசாலைக்குப் போனாள். 1998 முதல் பல்கலைக்கழக வளாகமாக இருக்கும் அந்த இடத்தில் இன்று புல்தரையும் மரநிழலுமாக முற்றங்கள் இருக்கின்றன. ஒரு வாங்கில் இருந்து அவ்விடத்தின் கதையை வாசித்தாள்.

ஹங்கேரியில் பிறந்த செம்மல்வைஸ் என்ற இளம் வைத்தியர் 1846இல் அங்கே பிரசவப் பகுதியில் வேலைக்கு வந்தார். அங்கு இரண்டு பிரசவ விடுதிகள். ஒன்றில் வைத்தியரும் மாணவரும், மற்றதில் மருத்துவிச்சிகள். அந்த ஆண்டில் முதல் விடுதியில் 100 தாய்மாரில் 11 பேருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவிச்சிகளின் விடுதியில் 3 பேருக்கும் குறைவு. முதல் விடுதியில் தங்களைச் சேர்க்கவேண்டாம் என்று பெண்கள் கெஞ்சி அழுவார்களாம். பிரேதங்களை அறுத்துப் படித்த கையோடு பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று கண்டுகொண்ட அவர், 1847 மே மாதம் முதல் எல்லோரும் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார். 1848இல் இரண்டு விடுதிகளிலும் மரணம் 100க்கு 1.3 அளவுக்கு இறங்கியது. ஆயினும் பெரியவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. 1865இல், 47ஆவது வயதில், மனநோய் விடுதி ஒன்றில் அவர் இறந்தார்.

இதைக் கணவனுக்குச் சொல்ல வேண்டும் என்று அவள் ஆவலோடு காத்திருந்தாள். அன்றும் அவன் வந்தபோது இரவு ஒன்பது மணி. "நாளைக்குச் சொல்லுமன்" என்று படுத்துவிட்டான்.

வியாழன் காலை, அவன் போய் ஒரு மணித்தியாலத்தில், அவள் உள்ளாடையில் இரத்தக் கறையைக் கண்டாள்.

இரண்டு தடவையும் இப்படித்தான் தொடங்கியது. கை நடுங்கக் கணவனை அழைத்தாள். கூட்டத்தில் தொலைபேசி மௌனமாக்கப்பட்டிருந்தது. மூன்று தடவை அழைத்தாள். பின்பு கீழே இறங்கி ஹோட்டல் வரவேற்பாளரிடம் சொன்னாள். அவர் 144 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழைத்தார். முன்பின் தெரியாத நகரத்தில், தெரியாத பாஷை பேசுவோர் நடுவே, கடிதத்தை நெஞ்சோடு பிடித்தபடி அவள் தனியே போனாள்.

வைத்தியசாலையில் தாதி முதலில் கையைக் கழுவினாள், பின்புதான் தொட்டாள். ஸ்கான் திரையில் பிள்ளையின் இதயம் துடிப்பதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நச்சுக்கொடி விலகவில்லை. கருப்பை வாய் மூடியே இருந்தது. அதன் மேற்பரப்பிலிருந்தே இரத்தம் கசிந்திருந்தது. கடிதத்தைப் படித்த வைத்தியர், தம் சோதனையிலும் குருதி வகையை உறுதி செய்து, 'அன்டி-டி' ஊசி ஏற்றச் சொன்னார். நெகட்டிவ் குருதியுள்ள தாயின் உடலில் பொசிட்டிவ் பிள்ளையின் குருதி கலந்தால், அதை எதிர்க்கும் பொருள்கள் தாயின் உடலில் உருவாகிப் பின்னர் வரும் பிள்ளைகளைத் தாக்கலாம். 72 மணித்தியாலத்துக்குள் ஊசி போட்டால் அதைத் தடுக்கலாம். குருதி வகையை அறியாமல், "சின்னக் கறைதானே" என்று படுத்திருந்தால் அந்த நேரம் கடந்து போயிருக்கும்.

பதினொரு மணிக்குத் தொலைபேசியைப் பார்த்த கணவன், கூட்டத்தை அப்படியே விட்டு ஓடிவந்தான். "என்னை மன்னியும்" என்றான். அவள் பதில் சொல்லவில்லை. அவனுடைய கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். ஓரிரவு வைத்திருந்து, வெள்ளி மத்தியானம் அனுப்பினார்கள்.

ரயிலில் சால்ஸ்பேர்க் போகும் திட்டம் கைவிடப்பட்டது. மிஞ்சிய இரண்டு நாளும் ரோஜாத் தோட்டத்து வாங்கிலேயே கழிந்தன. செம்மல்வைஸின் கதையை அவள் முழுவதும் சொன்னாள். அவன் முழுவதும் கேட்டான். பெயர் வைக்காமல் போன முதல் இரண்டு பிள்ளைகளைப் பற்றியும் பேசினார்கள். எட்டு வருடத்தில் அதைப் பற்றி அவர்கள் வாய் திறந்து பேசியது அங்கேதான். சனி பின்னேரம், அவள் மட்டும் அறிந்திருந்த அந்தச் சிறு உதையை முதன்முதலாக அவனும் உணர்ந்தான். அன்று காலை மீண்டும் சோதித்த வைத்தியர், விமானம் ஏறத் தடையில்லை என்று கடிதம் கொடுத்திருந்தார்.

வீட்டில் இதை மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். முடியவில்லை. ஏச்சு விழும் என்று இருவரும் தலை குனிந்து நின்றார்கள். மாமியார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, புருஷன்காரன் தூரப் போகக் கூடாதெண்டு பெரியாக்கள் சொன்னது கடலுக்குப் பயந்தில்லை. பிள்ளைத்தாச்சிக்குப் பக்கத்தில ஆள் வேணுமெண்டுதான். நீ அவளையும் கூட்டிக்கொண்டு போய், அங்க தூரவெல்லோ இருந்திருக்கிறாய்."

இலையுதிர்காலத்தில் இன்னொரு வெளிநாட்டுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. அவன் காரணத்தைச் சொல்லி மறுத்தான். கந்தோரில் ஒருவரும் குறை சொல்லவில்லை. செப்டெம்பர் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. மாமியார் பத்தியக்கறி வைத்தார். மகன் பக்கத்தில் நின்று சரக்கு அரைத்துக் கொடுத்தான்.