நரையும் திரையும்

சென்ற வாரம் முதுகலை வகுப்பில் புறநானூற்றின் 191ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தோம். இத்தனை வயதாகியும் உமக்கு நரை இல்லையே என்று வியந்தவர்களுக்குப் பிசிராந்தையார் தந்த விடை அது. நல்ல குடும்பம், நல்ல அரசு, சான்றோர் நிறைந்த ஊர் என்று காரணங்களை விரித்துக்கொண்டிருக்கையில், கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப நம்ம ஹீரோக்களுக்கு எப்படிங்க ஐயா?" வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். அன்று காலைதான் மீசைக்கு மை பூசியிருந்தோம் என்பது வேறு செய்தி.

விளையாட்டாய் எழுந்தாலும், திண்டுக்கல்லில் அக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1973 மே மாதத்தில் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. அதே மாதத்தில் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று வென்றார்; அ.தி.மு.க.வின் முதல் வெற்றி அது. 1917இல் பிறந்த எம்.ஜி.ஆருக்கு அப்போது வயது 56. பூட்டுப் பட்டறையில் உழைத்துக்கொண்டிருந்த நம் தந்தையார் அம்மாதத்தில் படத்தையும் பார்த்தார், வாக்கையும் அளித்தார். 'வாலிபன்' என்ற சொல்லில் அவருக்கு ஐயமே எழுந்ததில்லை. பின்னாளில் கேலியாகக் கேட்டபோது, "அவருக்கு வயசாயிருச்சுன்னா எனக்கும் ஆயிருச்சுன்னுல்ல அர்த்தம்?" என்றார்.

தந்தையாரைக் கேலி செய்த நாமே 2007இல் 'சிவாஜி' பார்த்து விசிலடித்தோம். ரஜினிகாந்துக்கு அப்போதும் 56; உடன் ஆடிய ஸ்ரேயாவுக்கு 24. முதுமையின் காதலைத் தமிழ் ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்பர் சிலர். அதுவும் உண்மையன்று. 1985இல் 'முதல் மரியாதை' வெளிவந்தபோது சிவாஜி கணேசனுக்கும் 56தான். ஊர்ப் பெரியவராகவே தோன்றி, ஓர் இளம்பெண்ணின் மீது அவர் கொண்ட நேசத்தை மக்கள் கண்கலங்கி ஏற்றுக்கொண்டார்கள். ஆக, நரையை ஏற்கும் மனம் நம்மிடம் உண்டு. ஆயினும் வேண்டும்போது மட்டுமே அதை எடுத்து உடுத்துகிறோம்.

நம்மை உறுத்துவது பிறிதொன்று. 1991 தீபாவளிக்கு 'தளபதி' பார்த்துவிட்டு வீடு திரும்புகையில் அம்மா கேட்டார்: "ஸ்ரீவித்யா இவனுக்குப் பொண்டாட்டியா நடிச்சவதானே? இப்ப அம்மாவா ஆயிட்டாளே." 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினிகாந்தின் மனைவியாக வந்தவர், பதினாறே ஆண்டுகளில் அவருக்குத் தாயாகியிருந்தார். மெய்யில் அவர் ரஜினிகாந்தைவிட இரண்டரை வயது இளையவர்; அப்போது வயது 38.

அம்மாவின் வயதும் ஏறத்தாழ அதுவே. அன்று அவர் கேட்டதைச் சினிமாப் பேச்சென்று கொண்டோமேயன்றி, தம்மைப் பற்றிய கேள்வி என்று கொள்ளவில்லை. தந்தையாரின் இளமையைக் காக்கத் திரையில் ஒருவர் இருந்தார். அம்மாவுக்கு எவரும் இல்லை. பிள்ளைகளாகிய நாமும் அவரிடம் அம்மாவை மட்டுமே கண்டோம்.

பிசிராந்தையார் தம் நரையின்மைக்கு ஊரையும் ஒரு காரணமாய்ச் சொன்னார். நாயகர்களுக்கும் அவ்விடை பொருந்தும்: அவர்தம் நரையைக் காணாதிருப்பது ஊராகிய நாமே. ஸ்ரீவித்யாவை முன்கூட்டியே முதியவராக்கியதும் அதே ஊர்தான்.

அந்த மாணவனுக்கு இன்னும் விடை சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்ல வேண்டும், மீசைக்கு மை பூசாமல் போய்.