ஏரிக்கரையில் ஒரு கோடை

கடற்பறவைகளை ஆராயும் மாணவர்கள் கோடைதோறும் தீவுகளை நாடிச் செல்வது மேலைநாடுகளில் வழக்கம். கனடாவின் கென்ட் தீவில் அமெரிக்கப் பௌடின் கல்லூரியின் ஆய்வு நிலையம் உள்ளது. அங்கே மண்வளைகளில் முட்டையிடும் சிறு கடற்பறவைகள் 1950-களிலிருந்து தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றன.

ஜெயங்கொண்டத்து மாணவி ஒருத்திக்குக் கடலும் இல்லை, தீவும் இல்லை, ஏரிகள் இருந்தன. முதலாம் இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம் அவள் ஊருக்கு அருகில்தான் உள்ளது. கடல் சூழ்ந்த நிலம் தீவு என்றால், வயல் சூழ்ந்த நீர் ஏரி. பறவைக்கு இரண்டுமே இறங்குமிடம். விலங்கியல் பயின்ற அவள், தன் கோடை ஆய்வுக்கு அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியைத் தேர்ந்தாள்.

ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புடைய அவ்வேரி 1999-இல் பறவைகள் சரணாலயமானது; 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. மங்கோலியாவிலும் திபெத்திலும் இனம்பெருக்கும் வரித்தலை வாத்துகள், இமயத்தைக் கடந்து குளிர்காலத்தில் இங்கு வருகின்றன. அவற்றைப் பற்றிப் படித்தே அவளுக்கு இத்துறையில் ஆர்வம் பிறந்தது.

ஆனால், அவள் சென்றது மே மாதம். வலசைப் பறவைகள் வடக்கே திரும்பிவிட்டிருந்தன. புள்ளம்பாடி வாய்க்காலில் காவிரி நீர் வரும்வரை ஏரிக்கு வரத்து இல்லை. விளிம்பெங்கும் வண்டல் வெடித்துக் கிடந்தது. முதல் வாரக் குறிப்பேட்டில் வலசைப் பறவைகளுக்குரிய கட்டங்கள் யாவும் சுழியமாயின. வேறிடம் மாற்றித் தருமாறு பேராசிரியரிடம் வேண்டினாள்.

“பறவை இல்லாத நாளைக் குறித்தவர்களால்தான் அது வந்த நாளின் பொருளைச் சொல்ல முடியும், அம்மா. சுழியத்தையும் தேதியிட்டு எழுது” என்றார் அவர்.

எழுதினாள். எழுதுவதற்காகவே உற்றுநோக்கத் தொடங்கியபோது, வெறுமை என்று கருதிய இடம் வெறுமையாக இல்லை. வறண்ட தரையில் ஆட்காட்டி ஒன்று நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கூடென்று சொல்ல ஒரு சிறு பள்ளமும் சில கூழாங்கற்களுமே இருந்தன. மண்ணின் நிறமும் முட்டையின் நிறமும் ஒன்றாய் இருந்தமையால், பார்வையைச் சற்றே விலக்கினாலும் அவை மறைந்துபோயின. நண்பகலில் அப்பறவை எஞ்சிய நீருக்குச் சென்று வயிற்றிறகுகளை நனைத்துவந்து அமர்ந்தது. அடைகாத்தல் என்றால் வெப்பம் ஊட்டுவது என்றே படித்திருந்த அவள், முட்டைகளைக் குளிர்விக்கும் தாய்மையை அங்கே கண்டாள்.

அவ்வழியே நாள்தோறும் ஆடுகள் சென்றன. குளம்புபட்டு முட்டைகள் நொறுங்குமோ என்று அஞ்சி, ஆடு மேய்க்கும் முதியவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“நீ வர்றதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன் தாயி. சுத்தித்தான் ஓட்டுறேன்” என்றார் அவர்.

அவர் சொன்ன பிறகே, மந்தையின் தடம் அவ்விடத்தில் மட்டும் வளைந்து செல்வதைக் கவனித்தாள்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, பள்ளம் காலியாக இருந்தது. சற்றுத் தொலைவில் நான்கு குஞ்சுகள் தாயின் பின்னே ஓடிக்கொண்டிருந்தன. வரித்தலை வாத்து ஒன்றைக்கூடக் காணாமலேயே அவளது கோடை முடிந்தது. எனினும், தேதியிட்ட அந்தச் சுழியங்களை அவள் முழுமையாக ஒப்படைத்தாள். குளிர்காலத்தில் அவ்வேரிக்குச் செல்லும் அடுத்த மாணவரின் கணக்கு, அவற்றிலிருந்தே தொடங்கும்.