நார்த்தாமலைக்கு ஒரு சைக்கிள் மிதி!

"ஷுகர் பார்டர்ல இருக்கு ஸார்" என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். பார்டர் என்றால் சண்டை போட்டுத்தானே ஆகவேண்டும்!

இருபத்தோரு கியர். ஆபீஸில் பதினாறு வருஷமாக ஒரே கியரில் ஓடிக்கொண்டிருப்பவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். முதல் மாதம் சைக்கிள் பால்கனியில் நின்று துணி காயப்போட உதவியது. இரண்டாம் மாதம் என் மனைவி, "தவணை கட்டறது நீங்க, உட்கார்ந்துக்கறது என் நைட்டியா?" என்று கேட்டாள். ரோஷம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுக்கோட்டையில் பால்காரர்களும் நாய்களும் மட்டுமே விழித்திருக்கும் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். இலக்கு, நார்த்தாமலை. திருச்சி ரோட்டில் சுமார் 17 கிலோமீட்டர்.

சைக்கிள் பிரியர்கள் எல்லாம் கடற்கரைச் சாலை, ஆற்றங்கரைச் சாலை என்று போட்டோ போட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறார்கள். எங்கள் மாவட்டத்திலும் கடல் உண்டு... கோட்டைப்பட்டினம், மணமேல்குடி பக்கம். வெள்ளாறும் உண்டு. என்ன, பல மாதங்களில் மணலைப் பார்த்து 'இதுதான் ஆறு' என்று நம்பவேண்டும், அவ்வளவுதான். நார்த்தாமலைப் பக்கம் இந்த இரண்டும் கிடையாது. செம்மண், கண்மாய், தைலமரத் தோப்பு, நடுவில் யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி மொட்டைப் பாறைக் குன்றுகள். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது உதிர்ந்த துண்டுகள் இவை என்பது ஊர்க் கதை.

மெயின் ரோட்டிலேயே போனால் வழி தப்பாது. ஆனால் பின்னால் வரும் பஸ்ஸின் ஏர் ஹார்னில் உயிர் தப்புமா என்பது சந்தேகம். அதனால் பாதியிலேயே இறங்கி, கிராமங்களுக்குள் புகுந்து போகும் ஒற்றைத் தார்ச்சாலையைப் பிடித்தேன். தூரம் கூடும். பரவாயில்லை, ஆயுளும் கூடும்!

அந்தச் சாலையில் காலை ஆறு மணிக்கு நீங்கள் ஒரு முறை போய்ப் பார்க்கவேண்டும். கண்மாயில் கொக்குகள் மீட்டிங் போட்டிருந்தன. எங்கள் ஆபீஸ் மீட்டிங் மாதிரியே, எல்லாரும் ஒற்றைக்காலில் தூக்கம். தைலமர வாசனைக்கு எனக்குப் பாட்டியின் தலைவலித் தைலம் ஞாபகம் வந்தது. ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். என் ஹெல்மெட்டையும் கையுறையையும் மேலும் கீழும் பார்த்த பெரியவர், "ஈ.பி.லேருந்து வர்றீகளா தம்பி? ரெண்டு நாளா லைன்ல கரண்டு கம்மியா வருது" என்றார். "சொல்றேங்கய்யா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அடுத்த மேட்டில் கியர் மாற்றினேன். 'கடக்'... செயின் கழன்றுவிட்டது.

யூட்யூபில் பார்த்த வித்தைகளை எல்லாம் செய்தேன். கை இரண்டும் கிரீஸ் ஆனதுதான் மிச்சம். அப்போது பின்னால் மணிச் சத்தம். கேரியரில் புல்லுக்கட்டோடு ஒரு அக்கா. ஐம்பத்தைந்து வயசுக்குக் குறையாது. ஓட்டி வந்தது பார் வைத்த ஆம்பளை சைக்கிள்.

"நகருங்க தம்பி" என்றவர், ஒரு குச்சியால் செயினைத் தூக்கிப் பல்சக்கரத்தில் வைத்தார். பெடலைப் பின்பக்கமாக ஒரு சுற்று. முடிந்தது!

"எங்கேக்கா கத்துக்கிட்டீங்க?"

"அறிவொளியில. தொண்ணூத்திரெண்டுல. இப்ப எங்க வீட்லயும் ஸ்கூட்டி நிக்கிது. ஆனா அது பெட்ரோல் கேக்குதே!"

கிளம்பிப் போயே போய்விட்டார். இருபத்தோரு கியர் வைத்திருந்தும் என்னால் அந்தப் புல்லுக்கட்டை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

நார்த்தாமலைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. இது ஒரே மலை அல்ல. மேலமலை, கடம்பர் மலை, கோட்டை மலை, ஆளுருட்டி மலை, பொம்மாடி மலை என்று ஒரு கூட்டுக்குடும்பம். முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழா சமயத்தில் இங்கே கால் வைக்க இடம் இருக்காது. நான் போன அன்று, மலையும் நானும் மட்டும்.

சைக்கிளை அடிவாரத்தில் பூட்டிவிட்டு மேலமலை ஏறினேன். ஏறும் வழியில் ஒரு சுனை. உள்ளே தண்ணீருக்கடியில் ஒரு சிவலிங்கம். ஒரு சமயம் புதுக்கோட்டை ராணி தண்ணீரை இறைக்கச் செய்து கும்பிட்டுவிட்டுப் போனார். மற்ற நாளெல்லாம் சாமி தண்ணீருக்குள்தான்.

இன்னும் கொஞ்சம் ஏறினால் வெட்டவெளிப் பாறையின் மேல் விஜயாலய சோழீச்சரம். 9-ஆம் நூற்றாண்டுக் கோயில். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் குட்டிக் குட்டிக் கோயில்கள். எதிர்ப் பாறையில் இரண்டு குடைவரைகள். அதில் ஒன்றில் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு திருமால்கள் வரிசையாக நிற்கிறார்கள், ரேஷன் கடை க்யூ மாதிரி. கோயில் மேற்கு பார்த்தது என்பதால் காலையில் போனால் வாசலில் நல்ல நிழல். தண்ணீர் மட்டும் கையில் எடுத்துப் போங்கள். மேலே கடை கிடையாது.

பெயரில் சோழன் இருந்தாலும், கட்டியவர் இளங்கோவதியரையர் என்று இங்கேயுள்ள கல்வெட்டு சொல்கிறது. மழையிலும் இடியிலும் கோயில் சிதைந்துவிட, மல்லன் விடுமன் என்பவர் பழுதுபார்த்திருக்கிறார். இன்னார் கட்டியது, இடிந்தது, இன்னார் புதுப்பித்தது... அவ்வளவையும் ஒழுங்காகக் கல்லில் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. நான் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து தயாரித்த ரிப்போர்ட்டை, மேலதிகாரி தன் பெயரில் மேலிடத்துக்கு அனுப்பிப் பாராட்டு வாங்கிய கதை தனி. 'மல்லன் விடுமனைப் பார்த்துக் கத்துக்கய்யா' என்று மனசுக்குள் திட்டினேன்.

திட்டி முடிப்பதற்குள் சுருக்கென்றது. ஏனென்றால் நானும் ஒரு பொய்யான கல்வெட்டை முப்பது வருஷமாகச் செதுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் சூடுபிடித்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், அ, ஆவோடு சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தார். தண்ணீருக்கும், வேலைக்கும், ஆஸ்பத்திரிக்கும் போக இன்னொருத்தர் கையை எதிர்பார்க்கிறவரை எழுத்து மட்டும் தெரிந்து என்ன பிரயோஜனம் என்ற நியாயம்தான். கல் உடைக்கிறவர்கள், வயல் கூலிக்குப் போகிறவர்கள், கிராம நர்ஸ்கள், பால்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு 1,500 பேருக்கு மேல் புதுக்கோட்டையைக் கலக்கினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆம்பளை சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பது கூடுதல் லாபம்! பத்திரிகையாளர் சாய்நாத் இதை எழுதி, 1996-ல் வந்த அவருடைய புத்தகத்தில் சேர்த்தார். அந்தக் கட்டுரையை வடக்கே பிள்ளைகள் எட்டாம் வகுப்பு இந்திப் பாடமாகப் படித்திருக்கிறார்கள்.

எங்கம்மா அப்போது பால்வாடி ஊழியர். தினம் நாலு கிலோமீட்டர் நடை. எனக்கு எட்டு வயசு. வாடகை சைக்கிளை மணிக்கணக்குக்கு எடுத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் அம்மா பழகுவார். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது என் டியூட்டி.

ஒருநாள் என் வகுப்புப் பையன்கள் வந்துவிட்டார்கள். "டேய், உங்கம்மா சர்க்கஸ்ல சேரப் போறாங்களா?" என்று ஒருவன் கேட்க, எல்லாரும் சிரிக்க... எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அப்படியே கேரியரை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

விழப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. திறந்து பார்த்தால், அம்மா மைதானத்தின் கோடிவரை போய், திரும்பி வந்துகொண்டிருந்தார்!

"எப்படா விட்டே?"

"நீ நல்லா ஓட்டுறேன்னு தெரிஞ்சதும் விட்டேன்மா!"

அன்றிலிருந்து, "எம் புள்ளதான் எனக்குக் கத்துக்கொடுத்தான்" என்று அம்மா ஊரெல்லாம் சொன்னார். நானும் மறுக்கவில்லை. பெண்பார்க்கப் போன இடத்தில் சொன்னேன். ஆபீஸில் மகளிர் தின விழா மேடையில் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கினேன்.

திரும்பி வரும்போது எதிர்க்காற்று. அதைவிட மனசு கனம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மேப்பில் நான் 'கண்டுபிடித்த' அமைதியான சாலையைப் பெருமையாகக் காட்டினேன்.

"இதுவா? நான் பத்து வருஷம் மிதிச்ச ரோடுடா இது. கம்மாக்கரையில ஒரு இலந்த மரம் நிக்குமே, இருக்கா?"

நான் கொக்கைப் பார்த்தேனே ஒழிய மரத்தைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தேன். புளியமரக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பையன்கள் சிரித்ததையும், எனக்கு வெட்கமாக இருந்ததையும் சேர்த்துத்தான்.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியுமே! நீ புடிச்சிருந்த வரைக்கும் வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. திடீர்னு நேராப் போச்சு. சரி, பய ஓடிட்டான்னு நெனச்சுக்கிட்டேன்."

"அப்புறம் ஏம்மா எல்லார்கிட்டயும் நான்தான் கத்துக்கொடுத்தேன்னு சொன்னே?"

"அதுக்கு முன்னால பதினஞ்சு நாளு மூச்சிரைக்கப் பின்னாலயே ஓடி வந்தியே... அது பொய்யா?"

மல்லன் விடுமன் தோற்றார்!

சாயங்காலம் அம்மா பால்கனிக்கு வந்து என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மணியை அடித்துப் பார்த்தார். சீட்டை அமுக்கிப் பார்த்தார். பிறகு பின்பக்கம் வந்து நின்று, "என்னடா இது, கேரியரே இல்ல? நான் ஏறுனா நீ எதைப் புடிப்பே?" என்றார்.

திங்கட்கிழமை ஆபீஸ் விட்டதும் நேரே சைக்கிள் கடைக்குப் போனேன்.

"கேரியரா? கியர் சைக்கிளுக்கு நல்லா இருக்காதே ஸார்" என்றார் கடைக்காரர்.

"பரவாயில்லை, மாட்டுங்க" என்றேன்.