ஜி எழுத்தை அழுத்தியபோது

டயாப்லோ 2 என்ற கணினி விளையாட்டை நான் விளையாடியிருக்கிறேன் என்றால் என் வயதுக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 2000-இல் வெளிவந்தது அது. வீட்டுக்குக் கணினி வாங்கியது பையன் படிப்பதற்காக. அவன் தூங்கிய பிறகு அதன் முன்னால் உட்கார்ந்தது நான். பகலெல்லாம் லெட்ஜர், ராத்திரியானால் எலும்புக்கூட்டுப் படை. செத்தவர்களை எழுப்பிச் சண்டைக்கு அனுப்பும் மந்திரவாதிதான் என் ஆள்.

அதையே புதுப்பித்து 2021-இல் 'டயாப்லோ 2 ரிசரெக்டட்' என்று கொண்டுவந்தார்கள். போன மாதம் பையன் ஊருக்கு வந்தபோது தன் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். பொற்காசுகளை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து பொறுக்க வேண்டியதில்லை, மேலே நடந்தாலே பையில் சேர்ந்துவிடுகிறது. என் மணிக்கட்டுக்கு அது பெரிய உபகாரம். ஓர் ஆள் சேர்த்ததை இன்னோர் ஆள் எடுத்துக்கொள்ளப் பொதுப் பெட்டியும் வந்திருக்கிறது. மற்றபடி உள்ளே ஓடும் கணக்கு பழையதுதான், மேல்பூச்சுதான் புதிது.

ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை. முதல் ஊரிலேயே சார்சி என்று ஒரு கொல்லுப்பட்டறைப் பெண் நிற்பாள். "பழைய சார்சியைப் பார்த்திருக்கணும்டா. கன்னத்தில் கரி, நெற்றியில் வேர்வை, வெள்ளந்தியான சிரிப்பு. இவள் சினிமா நடிகை மாதிரி இருக்கிறாள்" என்றேன்.

"அப்பா, ஜி எழுத்தை அழுத்துங்க. பழைய படமே வரும்."

அழுத்தினேன். வந்தது. முகமே இல்லை! நகத்தளவு இடத்தில் நாலைந்து புள்ளிகள், அவ்வளவுதான். பழைய விளையாட்டின் படமே முதலில் 640-க்கு 480 புள்ளிகள்தானே, அதில் ஒருத்திக்கு எத்தனை கிடைக்கும்? திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். கரியும் இல்லை, சிரிப்பும் இல்லை. பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் உண்டு. பாட்டி வீட்டுத் திண்ணையைப் பற்றி இங்கே எழுதியிருந்தேனே, ஆறு தேக்குத் தூண்கள் என்று? பலரும் பாராட்டினீர்கள். அன்று ராத்திரியே அக்கா போன் செய்தாள். "ஏண்டா, ஆறு தூணு எங்கடா இருந்துச்சு? ரெண்டுதான். அதுல ஒண்ணு செல்லரிச்சு, மூங்கில் முட்டுக் கொடுத்திருந்தாரு தாத்தா." உனக்கு வயசாகிவிட்டது என்று அவளிடம் சண்டை போட்டேன். ஒரு வாரம் பேச்சில்லை. வீடு இடிந்து நாற்பது வருஷமாகிறது, போய் எண்ணிப் பார்க்கவும் வழியில்லை.

சார்சியைப் பார்த்த மறுநாள் காலை அக்காவை நானே கூப்பிட்டேன். பதிவில் ஆறை இரண்டாகத் திருத்திவிட்டேன், மூங்கிலையும் சேர்த்துவிட்டேன்.

வாசற்கதவில் பித்தளைக் குமிழ்கள் மின்னும் என்று எழுதியதை மட்டும் இன்னும் தொடவில்லை. அக்காவிடம் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.