மூன்றாவது பத்தி

திருச்சிக்குத் திரும்பி வருஷங்கள் ஓடிவிட்டன. ஓஹாயோவின் பனியும் மேப்பிள் மரங்களும் எனக்கு அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. வருவதெல்லாம் அங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் நடந்த மாலை வகுப்பு. மனநல, சமூகநலப் பணிகளுக்கான இரண்டு வருடப் படிப்பு. முதியோர் இல்லத்தில் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு ஓடிவரும் பெண், பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டுவரும் பாட்டி, குடியை விட்ட பஸ் டிரைவர், நான். கட்-ஆஃப் பேச்சிலேயே வளர்ந்த எனக்கு, வந்தவரையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியே அதிசயம்.

இந்தப் படிப்பு பிறந்ததற்கு ஒரு கதை உண்டு. ஜனாதிபதி கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு 1941-ல் மூளையில் லோபாட்டமி என்ற அறுவை சிகிச்சை செய்தார்கள். அது அவருடைய நடையையும் பேச்சையும் பறித்தது. 1963 அக்டோபரில் அந்த அண்ணன் கையெழுத்திட்ட சட்டம், பெரிய மனநல மருத்துவமனைகளுக்குப் பதிலாக ஊருக்குள்ளேயே மையங்களை அமைக்கச் சொன்னது. வேலைக்கு ஆள் வேண்டுமே! அறுபதுகளில் பர்டூ பல்கலைக்கழகம் இரண்டு வருடப் படிப்பைத் தொடங்க, கம்யூனிட்டி காலேஜ்கள் பின்தொடர்ந்தன. இதையெல்லாம் ஆசிரியை சொன்னபோது பாட்டி மட்டும் ரோஸ்மேரியின் வயதைக் கேட்டார். இருபத்து மூன்று.

வீட்டுப்பாடத் தாளில் மூன்று பத்திகள்: என்னிடம் பேசியவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்குள் ஓடியது. முதல் இரண்டும் மளமளவென்று நிரம்பிவிடும். மூன்றாவதில் ஒருமுறை, “அவர் பாவம்” என்று எழுதிக் கொடுத்தேன். “இது அவரைப் பற்றி. உனக்குள்?” என்று பென்சிலில் எழுதித் திரும்பி வந்தது. என்னை அப்படி யாரும் கேட்டதில்லை.

குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் ஒன்றுக்குப் போய்வருவதும் பாடத்தில் உண்டு. 1935-ல் அந்த அமைப்பு பிறந்த ஆக்ரன் நகரம் ஓஹாயோவில்தான் இருக்கிறது. காபி சுமார்தான். குடிக்காமல் இருக்க அன்றுதான் முடிவெடுத்த ஒருவர், அதற்கு அடையாளமாகத் தரும் வில்லையை வாங்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். தட்டிய கையில் எனக்கு நடுக்கம்.

வகுப்பில் மூன்று மூன்று பேராக உட்காருவோம். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, மற்றவர் கவனிப்பார். கேட்பவர் அறிவுரை சொன்னால் கவனிப்பவர் தாளில் ஒரு கோடு போடுவார். எனக்குத்தான் அதிகம் விழும், நம் ஊர்க்காரியாச்சே!

இங்கே அபார்ட்மென்ட் படிக்கட்டில் ஒரு கவலையைச் சொன்னால் போதும், கோயில் பெயரும் ஜோசியர் நம்பரும் வந்துவிடும். எல்லாம் அன்புதான். ஆனாலும் கோடு போட ஓர் ஆள் இல்லையே என்றிருக்கும். இங்கே மனநலப் பணிகளுக்குப் பெரும்பாலும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தவர்களைத்தான் தேடுகிறார்கள். அந்த டிரைவரை யார் உள்ளே விடுவார்கள்?

அங்கே அவர் இப்போது போதை மீட்பு மையமொன்றில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறார். பஸ் ஓட்டியபோது வந்ததைவிடச் சம்பளம் குறைவு, பேப்பர் வேலை உயிரை வாங்குகிறது என்று வாட்ஸாப்பில் வாய்ஸ் அனுப்பிப் புலம்புவார். ‘வேறு வேலை பாருங்களேன்’ என்று நாக்கு நுனிவரை வரும். சொல்வதில்லை, கோடு போட்டுவிடுவார்.