வலிக்காத வெள்ளைத் திட்டு

ஜவ்வாது மலையில வேலை பார்க்கிற அரசு மருத்துவர் நான். வீட்டில் புகையிலை, பாக்கு போடறவங்க இருந்தா இதைக் கடைசி வரை படிங்க.

1) காய்ச்சல்னு பேரனைக் கூட்டிட்டு ஒரு பாட்டி வந்தாங்க. பையன் வாயைத் திறக்க மாட்டேன்னு அடம். "இப்படிடா"ன்னு பாட்டியே "ஆ" காட்டினாங்க. என் டார்ச் அவங்க வாயில பட்டுச்சு. கன்னத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைத் திட்டு.

2) பஞ்சால துடைச்சேன், போகல. "பொகையில எங்க அடக்குவீங்க பாட்டி?" விரல் அதே இடத்துக்குத்தான் போச்சு. "வலியே இல்லம்மா, அதுக்கு எதுக்கு வைத்தியம்?"

3) ஆபத்தே அதுலதான் இருக்கு. வலிச்சா உடனே வந்துடுவோம். இது ஆரம்பத்துல வலிக்காது. பேரு லூக்கோபிளேக்கியா. எல்லாத் திட்டும் புற்றுநோயா மாறாது. எது மாறும்னு வெறும் கண்ணால சொல்லவும் முடியாது. துளி சதை எடுத்துப் பரிசோதிக்கணும்.

4) கவனிக்க வேண்டியவை:
• துடைச்சாலும் போகாத வெள்ளைத் திட்டு
• வெல்வெட் மாதிரி சிவப்புத் திட்டு (வெள்ளையை விட ஆபத்து அதிகம்)
• 2 வாரம் தாண்டியும் ஆறாத புண்
• காரம் பட்டாலே எரிச்சல்
• 3 விரல் நுழையற அளவுக்கு வாய் திறக்க முடியாமை. பாக்கு போடறவங்களுக்கு இது அதிகம்.

5) இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டாம். திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் மக்களின் வாயை வெறும் கண்ணால பார்த்தே பரிசோதிச்சாங்க. புகையிலை, மது பழக்கம் உள்ளவங்ககிட்ட வாய்ப்புற்று மரணம் 34% குறைஞ்சதுன்னு 2005ல லான்செட் இதழில் வந்தது.

6) பாட்டியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுதான் கஷ்டமா இருந்துச்சு. "சாமை அறுப்பு முடியட்டும்மா. பஸ் ஏறிப் போனா ஒரு நாள் கூலி போச்சே." மூணு தடவை பேசினேன். கடைசியில் பேரனோட அப்பாதான் கூட்டிட்டுப் போனார். ரிசல்ட்: செல்கள் மாற ஆரம்பிச்சிருக்கு, புற்று இன்னும் இல்லை. திட்டை எடுத்துட்டாங்க. புகையிலையை விட ரெண்டு தடவை முயற்சி பண்ணித் தோத்துட்டாங்க, இப்போ மூணாவது தடவை. மூணு மாசத்துக்கு ஒருமுறை வாயைக் காட்ட வர்றாங்க.

7) இன்னைக்கு ராத்திரி வாய் கொப்பளிச்சுட்டு, கண்ணாடி முன்னால போன் லைட்டைப் போடுங்க. ரெண்டு கன்னத்தின் உள்பக்கம், உதட்டு உள்பக்கம், ஈறு, அண்ணம், நாக்கோட ரெண்டு ஓரம், நாக்குக்கு அடியில. ரெண்டு நிமிஷம் போதும். சந்தேகமா எதாவது தெரிஞ்சா பக்கத்து அரசு மருத்துவமனையில காட்டுங்க. புகையிலை அடக்கற அப்பா, அம்மா, பாட்டி இருந்தா அவங்களையும் "ஆ" காட்டச் சொல்லுங்க.

"வலிக்கலையே"ன்னு சொன்னா விட்டுடாதீங்க. வலிக்காதப்போவே பார்த்துடணும்.