மறுபடியும் ஓர் ஆறு நிமிடம்

மதுரைக்குத் தெற்கே, உயர்நிலைப் பள்ளியும் பி.எட். கல்லூரியும் ஒரே வளாகத்தில் இருக்கும் ஓர் ஊருக்குப் போயிருந்தேன். கல்லூரியின் நீண்ட கூடத்தில் ஐந்து இடங்களில் கரும்பலகை நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு பலகைக்கும் பத்துப் பேர். அவர்களில் ஒருவர் பாடம் நடத்த வேண்டும். ஐந்து பேர் பள்ளி மாணவர்களாக உட்கார வேண்டும். இரண்டு பேர் தாளும் பென்சிலுமாகக் கவனிப்பவர்கள். ஒருவர் நேரம் பார்க்கிறார், இன்னொருவர் செல்போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்துவைத்துப் படம்பிடிக்கிறார். ஐந்து பாடங்கள் ஒரே கூரையின் கீழ் ஒரே நேரத்தில் நடப்பதால் முதலில் சந்தை இரைச்சலாகத்தான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் காது பழகிவிட்டது.

பாடநூலில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று போட்டிருக்கும் இதைக் கல்லூரியில் எல்லாரும் மைக்ரோ டீச்சிங் என்றே சொல்கிறார்கள். முழு வகுப்பு ஒன்றைப் புதிதாக வருகிறவர் தலையில் சுமத்தாமல், எல்லாவற்றையும் சுருக்கிக் கொடுப்பது இதன் அடிப்படை. மாணவர்கள் ஐந்து முதல் பத்துப் பேர், பாடத்தில் ஒரே ஒரு கருத்து, பயில்வதும் ஒரே ஒரு திறன். பாடத்தைத் தொடங்குவது, விளக்குவது, துருவிக் கேள்வி கேட்பது, பாராட்டி ஊக்குவது, கரும்பலகையில் எழுதுவது என்று ஆசிரியர் வேலையைத் தனித்தனியாகப் பிரித்துக் கையில் கொடுக்கிறார்கள். ஆறு நிமிடம் பாடம். ஆறு நிமிடம் பின்னூட்டம். பன்னிரண்டு நிமிடம் திருத்தி எழுதுதல். பிறகு வேறு மாணவர்களுக்கு அதே பாடம் மறுபடியும் ஆறு நிமிடம், அதற்குப் பின்னூட்டம் ஆறு நிமிடம். மொத்தம் 36 நிமிடம்.

இந்த முறை 1963-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய சகாக்களும் உருவாக்கியது. அங்கே வீடியோ ரிக்கார்டர் இருந்தது, பாடம் கேட்க நிஜப் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். நம் நாட்டில் 1967-ல் அலகாபாத்தில் தொடங்கி, எழுபதுகளில் பரோடாப் பல்கலைக்கழகத்தில் பி.கே. பாஸியும் மற்றவர்களும் இதை நம் கல்லூரிகளுக்கு ஏற்ப வளர்த்தபோது அந்த இரண்டும் எளிதில் கிடைக்கிற பொருள்களாக இல்லை. அதனால் கேமராவுக்குப் பதில் பென்சில் பிடித்த சக பயிற்சியாளர், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதிலும் சக பயிற்சியாளர் என்று ஆனது. சிக்கனமான நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு பலவீனமும் சேர்ந்தே வந்தது. அதை அன்று நேரிலேயே பார்த்தேன்.

இயற்பியல் படித்துவிட்டு வந்த ஒரு பயிற்சி ஆசிரியைக்குத் துருவிக் கேட்கும் திறன். மிதத்தல் பாடம். மெல்லிய உடம்பு, கணீர்க் குரல்.

"இரும்பு ஆணி தண்ணியில முங்குது. இரும்புக் கப்பல் ஏன் மிதக்குது?" என்று கேட்டார்.

மாணவராக உட்கார்ந்திருந்தவர் உடனே எழுந்து, "கப்பலோட சராசரி அடர்த்தி தண்ணியோட அடர்த்தியைவிடக் குறைவு மிஸ்" என்றார். அவரும் பி.எஸ்ஸி. இயற்பியல். பதில் தெரியாத மாதிரி நடிக்க அவருக்கு வரவில்லை.

"வெரி குட், உட்காரு."

அடுத்த கேள்வியைக் கேட்டார். யாரும் வாய் திறப்பதற்குள் அவரே பதிலும் சொன்னார். அதற்கடுத்த கேள்விக்கும் அப்படியே. ஆறு நிமிடம் முடிந்து மணி அடித்தபோது முகத்தில் நிம்மதி.

பின்னூட்டம் தொடங்கியது. இந்தக் குழுவைப் பார்க்கும் பேராசிரியை ஒரு விதி வைத்திருக்கிறார்: 'நல்லா இருந்துச்சு' என்று யாரும் சொல்லக்கூடாது. பார்த்ததைச் சொல்ல வேண்டும், அதையும் எண்ணிச் சொல்ல வேண்டும். கவனித்தவர்களில் ஒருவர் தாளில் போட்டிருந்த கோடுகளைப் படித்தார். "ஒன்பது கேள்வி அக்கா. அஞ்சுக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க. ஒரு பதிலுக்குக்கூட 'ஏன்'னு திருப்பிக் கேட்கல."

பேராசிரியை செல்போனை வாங்கிச் சத்தத்தை அடைத்துவிட்டு அவரிடம் கொடுத்தார். "பேச்சைக் கேக்காதீங்கம்மா. உடம்பை மட்டும் பாருங்க."

நானும் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கேள்வியைக் கேட்டதும் அந்தப் பெண் பலகைப் பக்கம் திரும்பிவிடுகிறார். மாணவர்கள் யோசிக்கும் முகத்தைப் பார்க்கவே இல்லை. "திரும்பினது எனக்கே தெரியாது மேடம்" என்றார் மெதுவாக.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் எழுபதுகளில் இதைத்தான் அளந்து எழுதினார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக்கினாலே மாணவர்களின் பதில் நீள்கிறது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். மூன்று விநாடி என்று படிக்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். முன்னால் நிற்கிறவருக்கு அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்பது அந்தப் பெண் மறுமுறை நடத்தும்போது கழுத்து நரம்பு புடைத்ததில் தெரிந்தது.

இடையில் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அவர் படிக்கட்டில் உட்கார்ந்து பாடத்திட்டத்தில் பாதியை அடித்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தில் சுற்றியிருந்த அலுமினியத் தாளைப் பிரித்துத் துடைத்து எடுத்துக்கொண்டார். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்துவந்தார்.

மறுகற்பித்தலுக்கு வந்தவர்கள் நடிக்கிற மாணவர்கள் அல்ல. பக்கத்துப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஐந்து பிள்ளைகளைப் பேராசிரியை வரவழைத்திருந்தார். இது அவருடைய குழுவில் மட்டும் நடக்கிற ஏற்பாடு.

அலுமினியத் தாளைப் படகாக மடித்து விட்டார், மிதந்தது. அதே அளவு இன்னொரு தாளைக் கசக்கி உருண்டையாக்கிப் போட்டார். முங்க வேண்டிய உருண்டை முங்கவில்லை. ஜம்மென்று மிதந்தது. கூடத்தில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவர் பலகைப் பக்கம் திரும்பவில்லை. உருண்டையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். "இது முங்கும்னு நெனச்சுத்தான் போட்டேன். ஏன் முங்கல?"

ஒன்று, இரண்டு, மூன்று. நான் மனதுக்குள் எண்ணினேன்.

கடைசியில் இருந்த பையன், "காத்து இருக்கு மிஸ்" என்றான்.

"எங்க இருக்கு?"

"கசக்கின மடிப்புக்குள்ள."

"சரி, அதை எப்படிச் சோதிக்கலாம்?"

இந்த முறையும் காத்திருந்தார். ஒரு சிறுமி எழுந்துவந்து உருண்டையைத் தரையில் வைத்துச் செருப்புக் காலால் ஓங்கி மிதித்தாள். இரண்டாக மடித்து மறுபடியும் மிதித்தாள். தட்டையாகிப்போன அதைத் தண்ணீரில் போட்டதும் நேராக அடியில் போய்ப் படுத்தது. "அப்போ கப்பலுக்குள்ளயும் காத்துதானா மிஸ்?" என்று அவளே கேட்டாள். சராசரி அடர்த்தி என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் ஆசிரியை பலகையில் எழுதினார்.

முதல் ஆறு நிமிடத்தில் முதல் விநாடியிலேயே வந்துவிட்ட அதே பதில்தான். இந்த முறை பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்தார்கள். இடையில் மாறியது அந்தப் பெண்ணின் அறிவு இல்லை. உடம்பு நின்ற திசையும், காத்திருந்த விநாடிகளும், 'வெரி குட்'டுக்குப் பதிலாக வந்த 'எங்க?' என்ற ஒரு சொல்லும்தான்.

இதனால்தான் மைக்ரோ டீச்சிங்கின் உயிர் மறுகற்பித்தலில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். குறையைச் சுட்டிக்காட்ட ஆயிரம் பேர் வருவார்கள். சுட்டிய குறை சூடு ஆறுவதற்குள் திருத்திப் பார்க்க இன்னொரு வாய்ப்புக் கொடுக்கும் இடம் ஆசிரியர் வேலையில் வேறெங்கே இருக்கிறது? வேலைக்குச் சேர்ந்தபின் வரும் ஆய்வில் தவறு பதிவாகும், திருத்தும் நேரம் கிடைக்காது.

ஆனால் முதலில் வெட்டுப்படுவதும் இதுதான். வேறொரு கல்லூரியில், பாடம் நடத்துவதற்கு முன்பே மறுகற்பித்தல் பக்கத்தையும் நிரப்பிக் கையெழுத்துக்குத் தயாராக வைத்திருந்த ரெக்கார்டு நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியவை. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கணக்குப் போட்டால் காரணம் புரியும். பி.எட். வகுப்பில் ஒரு பிரிவுக்கு 50 பேர். ஆளுக்கு 36 நிமிடம் என்றால் ஒரு திறனுக்கு மட்டும் 30 மணி நேரம். ஐந்து குழுவாகப் பிரித்தால் ஆறு மணி நேரத்தில் முடியும், ஆனால் ஐந்து பேராசிரியர்கள் அந்த ஆறு மணி நேரமும் அங்கேயே உட்கார வேண்டும். ஐந்து திறன் என்றால் இதைப் போல ஐந்து மடங்கு. கால அட்டவணையில் அந்த இடம் இல்லாதபோது மறுகற்பித்தல் நோட்டுக்குள் போய்விடுகிறது.

திறன்களை இப்படித் துண்டு துண்டாகப் பயின்றால் வகுப்பு உயிரற்றுப்போகும் என்ற விமர்சனம் பழையது, நியாயமும் உண்டு. அதற்காகத்தான் சில திறன்களைச் சேர்த்து நடத்தும் இணைப்புப் பாடம் இருக்கிறது. அதையும் நேரம் ஒதுக்கி நடத்தினால்தான் பயன்.

அந்தப் பேராசிரியை இந்த ஆண்டு கால அட்டவணை போடும்போது சண்டை பிடித்து வியாழக்கிழமை முற்பகல் முழுவதையும் வாங்கியிருக்கிறார். பள்ளித் தலைமையாசிரியரும் ஒவ்வொரு வியாழனும் ஐந்து பிள்ளைகளை அனுப்பச் சம்மதித்திருக்கிறார். இரண்டு நிபந்தனைகள்: ஒரே பிள்ளைகளையே திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது, சாப்பாட்டு மணிக்குள் அவர்களை வகுப்புக்கு அனுப்பிவிட வேண்டும்.